அம்மா கை நிற்கிற நேரம்

திண்டுக்கல்
12 ஜனவரி 2025

அன்புத் தங்கை சாராவுக்கு,

நீயும் அம்மாவும் சுகமாக இருக்க வேண்டும் என்பதுதான் என் தினசரி ஜெபம். நான் சுகம். இங்கே பனி. மடத்துத் தோட்டத்தில் அவரை காய்த்துக் கிடக்கிறது, பறித்து மாளவில்லை.

எனக்கு ஒரு காரியம் ஆக வேண்டும். வருகிற ஜூனில் என் இறுதி வார்த்தைப்பாடு. அதற்குப் பிறகு சாகிறவரை இந்தக் கதவைத் தாண்டமாட்டேன். உனக்குத் தெரிந்ததுதான், ஆனால் எழுதும்போது எனக்கே புதிதாக இருக்கிறது. அதற்குமுன் அம்மாவின் படம் ஒன்று வேண்டும். இப்போது இருக்கிற அம்மா. பழைய ஆல்பத்தில் இருப்பது வேண்டாம். கண்ணை மூடினால் நீ முதல்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை அன்று ஸ்டூடியோவில் எடுத்த படத்து முகம்தான் வருகிறது, பவுடர் அப்பிய முகம். அம்மா என்றைக்குப் பவுடர் போட்டாள்? அவளுடைய நிஜ முகம் கொஞ்சம் கொஞ்சமாக என்னைவிட்டுப் போய்க்கொண்டிருக்கிறது, சாரா. இதை எழுத எனக்குப் பயமாக இருக்கிறது.

மதரிடம் கேட்டுவிட்டேன். அறையில் ஒரு படம் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். ஒன்றுதான் என்பதால் தெளிவாக இருக்கட்டும்.

உன் அக்கா
சில்வியா


ராயபுரம்
26 ஜனவரி 2025

சில்வியா அக்காவுக்கு,

இதை முதலில் மதர் படிப்பார்கள் என்று தெரியும். படிக்கட்டும். நான் கோபமாகத்தான் எழுதப்போகிறேன்.

"அம்மாவைக் கேட்டதாகச் சொல்" என்று ஏழு வருஷமாக எழுதுகிறாய். நானும் சொல்கிறேன். அவள் காதில் விழாத மாதிரி எழுந்து போகிறாள். பள்ளிக்கூடம் நடத்துகிற ஏதாவது மடத்துக்கு நீ போயிருந்தால் தெருத்தெருவாகச் சொல்லிக்கொண்டு திரிந்திருப்பாள். "டீச்சர் சிஸ்டருன்னா லீவுக்காவது வூட்டுக்கு வரும். இது கதவ மூடிகினா மூடினதுதான்" என்று நீ கிளம்பிய அன்றைக்குச் சொன்னவள், பிறகு உன் பேரை எடுக்கவே இல்லை. உன்னைப் பார்க்க ஒரு தடவை வந்தாளா? மடத்துக் கம்பித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்ப்பதற்கு நீ என்ன ஜெயிலிலா இருக்கிறாய் என்கிறாள். நான் சாத்தாங்காட்டு இரும்புக் கடையில் வாரமெல்லாம் பில் போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் காசிமேட்டில் மீன் வெட்டுகிற கொட்டகையில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து செதில் தேய்க்கிறேன். நீ அவரைக்காய் பறிக்கிறாய்.

இருந்தாலும் கேட்டுப் பார்த்தேன். அக்காவுக்கு உன் படம் ஒன்று வேண்டுமாம் என்றேன். அருவாமணையிலிருந்து தலையைத் தூக்காமல் பதில் வந்தது. "ஃபோட்டோ குடுத்துட்டா அத்தப் பாத்துகினே குந்திகினு இருப்பா. மூஞ்சி மறந்து போனாத்தான் வருவா. வரட்டும்."

நீ வரமுடியாது என்று அவளுக்கும் தெரியும். ஆனாலும் பிடிவாதம். நீ போனதிலிருந்து கல்யாண வீட்டில்கூட ஃபோட்டோ எடுக்க ஆள் வந்தால் எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடுகிறாள்.

முடியாது என்று எழுதிவிட்டு முடித்துவிடத்தான் உட்கார்ந்தேன். கை கேட்கவில்லை. திருட்டுத்தனமாக ஃபோனில் எடுத்துப் பார்த்தேன். கொட்டகை உனக்குத் தெரியும், தகரக் கூரை, ஒரே டியூப்லைட், பட்டப்பகலிலும் இருட்டு. ஃப்ளாஷ் போட்டால் என் தலையில் மீன் தலை வந்து விழும். அதனால் இரவில் எடுக்கிற மோடில் வைத்தேன். மூன்று விநாடி அசையாமல் பிடி என்று ஃபோன் சொன்னது. பிடித்தேன். தராசு, ஐஸ் பெட்டி, தூணில் ஒட்டியிருக்கிற போஸ்டர் எல்லாம் அச்சு மாதிரி விழுந்திருக்கிறது. அம்மா மட்டும் புகை. கை ஆறு இருக்கிறது, முகம் இல்லை. மூன்று படம் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன்.

தெளிவான படம் வேண்டுமென்றால் அவளை ஆடாமல் அசையாமல் இருக்கச் சொல்லி அங்கிருந்தே வேண்டிக்கொள். அவளை நிறுத்திக்காட்டினால் உன் ஜெபத்தில் சக்தி இருக்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன்.

சாரா


திண்டுக்கல்
9 பிப்ரவரி 2025

சாரா,

ஆறு கையைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். பிறகு சிரிக்கவில்லை. அந்தப் புகைக்குள் அம்மாவின் தோள் சாய்ந்திருக்கிற விதம் தெரிகிறது. இடது தோள் முன்பு இவ்வளவு இறங்கி இருந்ததில்லையே.

நீ எழுதியதில் எதற்கும் நான் மறுப்புச் சொல்லப்போவதில்லை. படத்தைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஸ்டூடியோவில் கல்யாணப் படம் எடுத்தவள், அது எனக்குத் தெரிந்த வேலை.

உன் ஃபோன் மேலும் தப்பில்லை, கை மேலும் தப்பில்லை. வெளிச்சம் போதாத இடத்தில் ஃபோன் ரொம்ப நேரம் கண்ணைத் திறந்து வைத்திருக்கும். அந்த நேரத்துக்குள் நிற்கிற பொருள் தெளிந்துவிடும், அசைகிற ஆள் கரைந்துவிடுவார். ஸ்டாண்டில் நிறுத்தி எடுத்தாலும் இதுதான் கதி. ஸ்டாண்டு உன் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், அம்மாவை நிறுத்தாது.

என் கேமரா இன்னும் வீட்டில் இருக்கிறதா? பீரோவுக்குள் வைத்துவிட்டு வந்தேன். அம்மா விற்றிருக்கலாம், விற்றிருந்தால் நியாயம்தான். இருந்தால் 50 என்று எழுதியிருக்கிற குட்டை லென்ஸைப் போடு. அதன் துவாரத்தை முழுக்கத் திற, 1.8இல் நிற்கும். வெளிச்சம் பிடிக்கிற ஐ.எஸ்.ஓ.வை 3200க்கு ஏற்று. படம் பொரிப்பொரியாக வரும், அதற்குப் பயப்படாதே. பொரிந்த முகத்தை அடையாளம் தெரியும், கரைந்த முகத்தைத் தெரியாது. ஷட்டர் நூறில் ஒரு பங்கு. அதைவிட வேகமாக வைத்தால் டியூப்லைட்டில் படம் பட்டை பட்டையாக விழும். நான் ஒரு கல்யாணத்தையே அப்படிக் கெடுத்திருக்கிறேன். முழங்கை இரண்டையும் விலாவோடு ஒட்டிக்கொண்டு தூணில் சாய்ந்து நில். பாதி மூச்சை விட்டுவிட்டு அமுக்கு. ஒன்றோடு நிறுத்தாமல் நாலைந்தாகச் சேர்த்து எடு. முதல் படம் விரல் அமுக்குகிற ஆட்டத்தில் கெட்டுப்போகும், பின்னால் வருவது பிழைக்கும். எல்லாவற்றுக்கும் முன்னால் லென்ஸைத் துடை. உன்னுடையது மீன் தொட்ட கை.

இன்னொன்று தோன்றுகிறது. கொட்டகையில் முடியாவிட்டால் கோயிலில் எடு. நடுப்பூசையில் அப்பத்தை உயர்த்தி மணி அடிக்கும்போது கோயிலே அசையாது. அம்மாவும் அசையமாட்டாள். பக்கத்து வாசல் தூணிலிருந்து எடுத்தால் முகம் கிடைக்கும்.

சில்வியா


ராயபுரம்
2 மார்ச் 2025

அக்கா,

கேமரா பீரோவில் இல்லை. கட்டிலுக்கு அடியில் இல்லை, பரணில் இல்லை. விற்றுவிட்டாள் என்றே முடிவுகட்டினேன். எப்போதும் அம்மாதான் உலை வைப்பாள்; போன வாரம் அவள் சீக்கிரம் கொட்டகைக்குப் போய்விட்டதால் நான் டிரம்மில் அரிசி அள்ளினேன். படி எதிலோ முட்டியது. கையைவிட்டுத் துழாவினால் பிளாஸ்டிக் கவர். கவருக்குள் கவர், அதற்குள் என் பழைய ஸ்கூல் தாவணி, அதற்குள் உன் கேமரா. லென்ஸ் தனியாக, பேட்டரி தனியாக.

கடல் காற்றில் பூஞ்சை பிடித்துவிடும் என்று யாரோ சொல்லியிருக்க வேண்டும். அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும் என்று புதைத்து வைத்திருக்கிறாள். யோசித்துப் பார் அக்கா. மாதம் ஒருமுறை டிரம் காலியாகும். ஒவ்வொரு தடவையும் அதை எடுத்துத் துடைத்து, புது அரிசி கொட்டி, மறுபடி புதைத்திருக்கிறாள். ஏழு வருஷம் நான் அந்தச் சோற்றைத்தான் சாப்பிடுகிறேன், எனக்குத் தெரியாது. லென்ஸில் ஒரு பூஞ்சைப் புள்ளி கிடையாது.

பேட்டரி செத்துப்போயிருந்தது, வேறு வாங்கிவிட்டேன். நீ எழுதியபடி எல்லாம் வைத்து வீட்டுப் பூனையை எடுத்துப் பழகினேன். பூனை நன்றாக வருகிறது.

இன்றைக்குக் கோயிலில் எடுத்தேன். மணி அடித்தது. நீ சொன்னது சரிதான், கோயிலே அசையவில்லை, அம்மாவும் அசையவில்லை. படம் தெளிவோ தெளிவு. முக்காட்டுச் சேலையில் பூவை எண்ணலாம். முகம் எங்கே? நடுப்பூசை மணிக்கு அம்மா பெஞ்சில் நெற்றி படக் குனிந்து, முக்காட்டை மூக்குவரைக்கும் இழுத்து விட்டுக்கொள்வாள். நாம் பிறந்ததிலிருந்து அவள் இரண்டு பக்கமும் முட்டிபோட்டுப் பார்த்ததுதானே. அது எப்படி உனக்கு மறந்துபோனது?

உன்னைக் குத்திக்காட்ட எழுதவில்லை. கொஞ்சம் குத்திக்காட்டத்தான் எழுதுகிறேன்.

புதன்கிழமை தவக்காலம் தொடங்கிவிடும், ஈஸ்டர்வரைக்கும் உங்களுக்குக் கடிதப் போக்குவரத்து இல்லை. அதற்காக நான் சும்மா இருக்கப்போவதில்லை. எப்படியும் எடுத்துவிடுவேன். நீ கேட்டதற்காக மட்டுமில்லை. அரிசி டிரம்முக்குப் பிறகு எனக்கே அந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கிறது.

சாரா


திண்டுக்கல்
22 ஏப்ரல் 2025

சாரா,

ஈஸ்டர் வாழ்த்து. நீ கூரியரில் போட்ட கடிதத்தைத் தவக்காலத்துக்கு முந்தின நாள் மாலை கொடுத்தார்கள். பதில் எழுத வழியில்லாமல் இத்தனை நாளும் அதையே நினைத்துக்கொண்டு இருந்தேன்.

ஆமாம், மறந்துவிட்டேன். நீ முக்காடு என்று எழுதிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அந்தச் சேலையின் மீன் வாசனைகூட வந்தது. அதுவரை என் நினைப்பில் இருந்த அம்மா நிமிர்ந்து அப்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள், சினிமாவில் வருகிற யாரோ மாதிரி. இங்கே வந்தது தப்பு என்று நான் நினைக்கவில்லை, ஒரு நாளும் நினைத்ததில்லை. ஆனால் இப்படி ஒரு விலை இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை.

படம் வேண்டாம், விட்டுவிடு என்று எழுதுவதுதான் அடக்கம் என்று ஒரு வாரம் நினைத்தேன். அது பொய்யடக்கம். எனக்கு வேண்டும்.

கொட்டகைக்கே திரும்பிப் போ. ஃப்ளாஷ் கெட்டுப்போன கல்யாணங்களில் நான் சமாளித்த விதத்தைச் சொல்கிறேன். எப்பேர்ப்பட்ட ஆளும் ஏதாவது ஓர் இடத்தில் ஒரு நொடி நிற்பார். தாலி முடிச்சைப் போட்டுவிட்டு நிமிர்வதற்குமுன் மாப்பிள்ளை நிற்பான். பதில் சொல்ல வாயெடுக்கிறவர் நிற்பார். ஒரு வேலை முடிந்து அடுத்த வேலைக்குக் கை போவதற்குள் ஒரு நிற்பு உண்டு. நூறில் ஒரு பங்கு நொடிக்கு அது தாராளம். அம்மாவுக்கு அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான் சொல்லித்தரக்கூடிய இடம் இதோடு முடிந்தது. பக்கத்தில் இருக்கிறவள் நீ. கேமராவைக் கீழே வைத்துவிட்டு கொஞ்ச நாள் அவளைச் சும்மா பார்த்துக்கொண்டிரு.

சில்வியா


ராயபுரம்
18 மே 2025

அக்கா,

எடுத்துவிட்டேன். ஆனால் படம் இந்தக் கவரில் இல்லை. அவசரப்படாமல் படி.

நீ சொன்னபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா நிற்கிற ஆளே இல்லை. கெளுத்தி முள் கையில் ஏறினாலும் நிற்கமாட்டாள். கூலியில் தகராறு வந்தால் வாய் தனியாக ஓடும், கை தனியாக ஓடும். மழை வந்து தகரம் ஒழுகினபோது ஒரு காலால் பக்கெட்டைத் தள்ளி வைத்துக்கொண்டே சுறாவை அறுத்தாள்.

பழைய வண்ணாரப்பேட்டையில் மெஸ் வைத்திருக்கிற தஸ்னீம் அக்கா ஞாயிறுதோறும் வஞ்சிரம் வாங்கி அம்மாவிடம்தான் வெட்டக் கொடுக்கும். இரண்டு வாரத்துக்கு முன்னால் ஏதோ பேச்சுவாக்கில், "ஒன் பெரிய பொண்ணு எப்டி கீது?" என்று கேட்டது. அம்மா கை நின்றது. வஞ்சிரம் அருவாமணையில் பாதி இறங்கியபடி அப்படியே இருந்தது. தலை நிமிர்ந்தது, ஆனால் தஸ்னீம் அக்காவைப் பார்க்கவில்லை. பிறகு, "நல்லா கீறா" என்றாள், மீன் இரண்டாகிவிட்டது. நான் தராசுத் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு கவனித்தேன். கோயில் வாசலில் யாராவது உன்னைக் கேட்டாலும் இதேதான். நிற்கிறாள், ஒரு நொடி, பிறகு அதே "நல்லா கீறா". ஊரில் எத்தனை பேர் கேட்கிறார்கள் தெரியுமா? உன் பேரை எடுக்கமாட்டாள் என்று நான்தான் எழுதினேன். எடுக்கிறவர்களுக்கு அவள் ஒரு தடவைகூடப் பதில் சொல்லாமல் விட்டதில்லை.

தஸ்னீம் அக்காவைத் தனியே பிடித்து விஷயத்தைச் சொன்னேன். போன ஞாயிறு வந்தது, மீனைக் கொடுத்தது. நான் ஐஸ் பெட்டிக்குப் பின்னால் தூணில் சாய்ந்து, முழங்கையை ஒட்டிக்கொண்டு, டியூப்லைட் அம்மா முகத்தில் விழுகிற பக்கமாக நின்றேன். அது கேட்டது. நான் பாதி மூச்சில் அமுக்கினேன். நாலு படம். மூன்றாவதில் எல்லாம் இருக்கிறது. பொரிப்பொரியாகத்தான் இருக்கிறது, ஆனால் புருவத்து நரை தெரிகிறது, கன்னத்தில் ஒட்டின செதில் தெரிகிறது, கண் தெரிகிறது.

அந்த முகத்தை நான் பார்த்ததில்லை அக்கா. ஏழு வருஷம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில்லை. நீ போனதில் நஷ்டப்பட்டவள் நான்தான் என்று நினைத்துக்கொண்டு இருந்துவிட்டேன்.

பிரிண்ட் போட்டேன், கவர் ஒட்டினேன், உன் விலாசமும் எழுதியாகிவிட்டது. தபால் பெட்டிவரைக்கும் போய்த் திரும்பி வந்துவிட்டேன். இப்படி ஒரு முகத்தை அவளுக்குத் தெரியாமல் அனுப்ப மனசு வரவில்லை. சாப்பிட்டு முடித்ததும் அவள் முன்னால் வைத்தேன். திட்டு விழும் என்று தயாராகத்தான் இருந்தேன். சேலையில் கையைத் துடைத்துவிட்டு எடுத்தாள். விளக்குக்குக் கீழே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"எப்ப எடுத்த?" என்றாள்.

சொன்னேன். தஸ்னீம் அக்கா கேட்டபோது என்றேன்.

படத்தைக் கீழே வைத்தாள். பிறகு சொன்னாள். "இந்த மூஞ்சியத் தபால்ல அனுப்புவியா நீ? இத்தப் பாத்துட்டு அவ அங்க தனியா அழுதுகினு கெடப்பா. நான் எடுத்துகினு போறேன். டிக்கெட் போடு."

உன் வார்த்தைப்பாட்டுக்கு அடுத்த நாள் அம்மா உன்னைப் பார்க்கப் பார்வை அனுமதி வாங்கி வை. பேசமாட்டாளாம். படத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த ரயிலுக்கே திரும்பிவிடுவாளாம். நான் வரமுடியாது. இரண்டு பேரும் கிளம்பினால் கொட்டகையில் எங்கள் இடத்தில் வேறு ஆள் குந்திவிடும், அம்மா அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. தனியாகவே போவாளாம்.

அவள் பேசாவிட்டால் நீ பேசு.

சாரா


திண்டுக்கல்
6 ஜூலை 2025

அன்புள்ள சாரா,

வார்த்தைப்பாடு நல்லபடியாக முடிந்தது. அதைப் பற்றிப் பிறகு விவரமாக எழுதுகிறேன். இப்போது அம்மா.

பார்வை அறை ஒரு சின்ன அறை. நடுவில் மரச் சட்டத்தில் பதித்த கம்பி, மேலே மங்கலாக ஒரு பல்பு. நான் உள்ளே வந்தபோது அம்மா ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள், மடியில் பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு. கை கூப்பினேன். எதிரே உட்கார்ந்தேன். அவள்தான் ஆரம்பித்தாள். பேசமாட்டேன் என்றவள் நிறுத்தவே இல்லை. ரயிலில் பக்கத்து ஆள் குறட்டை விட்டது, பஸ்காரன் மூன்று நிறுத்தம் தள்ளி இறக்கிவிட்டது, நீ இன்னும் செதில் சரியாகத் தேய்ப்பதில்லை, இரும்புக் கடை வேலையை நீ விட்டுவிடக்கூடாது, எல்லாம் சொன்னாள். நான் இளைத்துவிட்டேனாம். அவரைக்காய் மட்டும் போட்டால் இளைக்காமல் என்ன செய்யும் என்று கூட இருந்த மதர் காதில் விழவே சொல்லிவிட்டாள்.

அழுகை வந்தது எனக்குத்தான். அம்மா கம்பி வழியாக இரண்டு விரலை விட்டு என் கன்னத்தைத் துடைத்தாள். விரல் நுனியெல்லாம் வெட்டுத் தழும்பு. அதுவும் எனக்கு மறந்துபோயிருந்தது.

பார்வை முடிகிற மணி அடிக்கப்போகிற நேரத்தில்தான் பையைத் திறந்தாள். படத்தைக் கம்பிக்கு அந்தப் பக்கமே பிடித்துக் காட்டினாள். நான் படத்தைப் பார்த்தேன், அவளைப் பார்த்தேன், மறுபடி படத்தைப் பார்த்தேன். நல்ல படம் சாரா. ஸ்டூடியோவில் இருந்த காலத்தில் நான் இப்படி ஒன்று எடுத்ததில்லை. வாங்கிக்கொள்ளக் கம்பி வழியாகக் கையை நீட்டினேன். அம்மா படத்தைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்துவிட்டாள்.

ஒரு படம் வைத்துக்கொள்ள மதர் அனுமதி கொடுத்திருக்கிறார்கள் என்று சொன்னேன்.

"குடுத்துட்டா அப்பறம் நான் எதுக்கு வர்றது?" என்றாள்.

அடுத்த பார்வை அக்டோபரில். டிக்கெட் போட்டு வை.

சில்வியா